குழாய் பின்ன எந்த ஊசி? வட்ட ஊசி, இருமுனை ஊசி, மேஜிக் லூப்: ஓர் ஒப்பீடு

நேர் ஊசிகள் இரண்டை வைத்து ஒரு மஃப்ளரைப் பின்னி முடித்தவர் அடுத்ததாகக் குல்லாயையோ சாக்ஸையோ நினைக்கும்போது முதல் தயக்கம் ஊசியில்தான் வருகிறது. ஒரு பின்னல் குறிப்பில் "40 செ.மீ. வட்ட ஊசி, கூடவே அதே தடிமனில் இருமுனை ஊசிகள் ஐந்து" என்று இருக்கும். இன்னொன்றில் "100 செ.மீ. வட்ட ஊசி, மேஜிக் லூப் முறை" என்று இருக்கும். இரண்டும் ஒரே அளவுக் குல்லாய்க்குத்தான். எதை வாங்குவது, எதைக் கற்றுக்கொள்வது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஓர் ஊசிதான் வாங்கப் போகிறீர்கள் என்றால், 80 அல்லது 100 செ.மீ. நீளத்தில், நன்றாக வளைந்து கொடுக்கும் கேபிள் உள்ள வட்ட ஊசியை வாங்குங்கள். தட்டையான துணியும் அதில் வரும், குல்லாயும் வரும், சாக்ஸும் வரும், ஸ்வெட்டரின் உடலும் கையும் வரும். வேறு எந்த ஊசிக்கும் இந்த வீச்சு கிடையாது. ஆனால் இது எல்லோருக்குமான விடை அல்ல. வருடம் முழுக்க சாக்ஸ் மட்டுமே பின்னுகிறவருக்கும், பல நிறக் கோலம் போடுகிறவருக்கும், விரல் மூட்டு வலிக்கிறவருக்கும் விடை மாறும். ஏன் மாறும் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

வட்ட ஊசி எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு: விரல் நீளத்தைவிடச் சற்று நீண்ட இரண்டு ஊசித் தண்டுகள், நடுவே அவற்றைச் சேர்க்கும் வளையக்கூடிய கேபிள். அவ்வளவுதான். அளவு சொல்லும்போது கேபிளை மட்டும் அளக்க மாட்டார்கள். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அளப்பார்கள். 23, 30, 40, 60, 80, 100, 120, 150 செ.மீ. என்று பல நீளங்களில் கிடைக்கும். அமெரிக்காவில் இதற்கு முதல் காப்புரிமை 1918இல் வழங்கப்பட்டது. அந்தக் காலத்துக் கேபிள்கள் எஃகுக் கம்பி; நைலான் வந்தது பின்னால்.

ஆனால் வட்டமாகப் பின்னுவது வட்ட ஊசிக்கு மிகவும் முந்தியது. ஏறக்குறைய 1400ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஓவியர் மாஸ்டர் பெர்ட்ராம் வரைந்த ஓவியம் ஒன்று ஹாம்பர்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் மரியாள் நான்கு ஊசிகளில் ஒரு சிறு சட்டையைக் கழுத்துப் பக்கம் பின்னி முடித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் படத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அவள் கையில் இருப்பது இன்றும் கடையில் கிடைக்கும் அதே இருமுனை ஊசிதான்.

முதலில் சுற்றளவு

நேர் ஊசியில் நீளம் ஒரு பொருட்டே இல்லை. 20 கண்ணிகளை (ஊசியில் நிற்கும் நூல் வளையங்களை) 35 செ.மீ. ஊசியில் வைத்தாலும் துணி பாட்டுக்குத் தொங்கும். வட்டமாகப் பின்னும்போது அப்படி இல்லை. முதல் கண்ணியும் கடைசிக் கண்ணியும் கைகோத்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஊசியின் நீளம் துணியின் சுற்றளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். துணி குறுகலாகவும் ஊசி நீளமாகவும் இருந்தால் கண்ணிகள் இழுபட்டு நகராமல் நின்றுவிடும். மாறாக ஊசி சிறியதாகவும் துணி பெரியதாகவும் இருந்தால் கண்ணிகள் நெருங்கி உட்காரும். அது பெரிய தொல்லை இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 செ.மீ.க்கு 20 கண்ணி வரும் நூலில் 100 கண்ணி ஏற்றினால் குல்லாயின் சுற்றளவு 50 செ.மீ. 40 செ.மீ. ஊசி அதற்குக் கச்சிதம். 200 கண்ணியில் ஸ்வெட்டரின் உடல் 100 செ.மீ.; அதற்கு 80 செ.மீ. ஊசி. இதுவரை யாருக்கும் குழப்பம் வராது. சுற்றளவுக்குச் சற்றுக் குறைந்த ஊசியை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போகலாம். பின்னலிலேயே மனசுக்கு மிகவும் அமைதி தரும் வேலை என்றால் எனக்கு இதுதான். திருப்ப வேண்டியதில்லை, பர்ல் (நிட் கண்ணியின் மறுபக்கமாக விழும் கண்ணி) போட வேண்டியதில்லை, துணியின் நல்ல பக்கம் எப்போதும் கண் முன்னால் இருக்கும்.

சிக்கல் தொடங்குவது துணி குறுகும் இடத்தில். குல்லாயின் உச்சியில் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே போய் எட்டுக் கண்ணியில் முடிக்க வேண்டும். 40 செ.மீ. ஊசி பாதி வழியிலேயே கையை விரித்துவிடும். பெரியவர்களின் சாக்ஸ் சுமார் 20 செ.மீ. சுற்றளவு. ஸ்வெட்டர் கை தோள்பக்கத்தில் 36 செ.மீ. இருந்தால் மணிக்கட்டுக்கு வரும்போது 20 ஆகிவிடும். ஆரம்பத்திலிருந்தே 40 செ.மீ. ஊசிக்கு அது எட்டாது. "நான் சாக்ஸ் பின்னப் போவதில்லை, எனக்கு இந்தச் சிறு வட்ட முறைகள் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு நான் ஸ்வெட்டர் கையைத்தான் காட்டுவேன். குழாயாகப் பின்னும் எவரும் ஒருநாள் இந்தக் குறுகலான இடத்துக்கு வந்தே ஆக வேண்டும்.

ஆகவே உண்மையான தேர்வு சிறு வட்டத்தை எப்படிப் பின்னுவது என்பதில்தான் இருக்கிறது. அதற்கு நான்கு வழிகள் உண்டு.

இருமுனை ஊசிகள்

இரண்டு முனையும் கூராக இருக்கும் குட்டை ஊசிகள், வழக்கமாக 15 அல்லது 20 செ.மீ. நான்கோ ஐந்தோ ஒரு கட்டாக வரும். கண்ணிகளை மூன்று அல்லது நான்கு ஊசிகளில் பிரித்து வைத்து, மீதமிருக்கும் ஓர் ஊசியால் பின்ன வேண்டும். ஓர் ஊசியில் உள்ள கண்ணிகள் தீர்ந்ததும் அந்த ஊசி காலியாகும். அதை எடுத்து அடுத்ததைப் பின்ன வேண்டும்.

பார்ப்பதற்கு முள்ளம்பன்றியைக் கையில் பிடித்திருப்பதுபோல் இருக்கும். அதனாலேயே பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். எந்த நேரத்திலும் கையில் வேலை செய்வது இரண்டு ஊசிகள் மட்டும்தான். மற்றவை சும்மா தொங்குகின்றன. முதல் இரண்டு மூன்று சுற்றுகள்தான் கடினம். துணி இரண்டு செ.மீ. வளர்ந்துவிட்டால் அதுவே ஊசிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெதுவான முறை என்று சொல்வதையும் நான் ஏற்க மாட்டேன். ஷெட்லாந்து தீவுகளில் இடுப்பில் தோல் பட்டை கட்டி, அதிலுள்ள துளையில் வலது ஊசியைச் செருகி, நீண்ட இருமுனை ஊசிகளில் முழு ஸ்வெட்டரையே பின்னுவார்கள். அவர்கள் வேகம் வட்ட ஊசிக்காரர்களுக்குக் குறைந்ததல்ல.

இதன் உண்மையான குறை வேறு. ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிக்குத் தாவும் இடத்தில் கண்ணிகளுக்கு நடுவே நூல் கொஞ்சம் கூடுதலாக ஓடிவிடும். ஊசிகள் கோணத்தில் நிற்பதால் அந்த இடத்து நூல் நீண்டு போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் இது நடந்தால், மேலிருந்து கீழ்வரை ஏணிப்படிபோல் ஒரு தளர்ந்த கோடு விழும். நான்கு ஊசியில் கண்ணி வைத்தால் நான்கு கோடு. எல்லோரும் சொல்லும் தீர்வு "முதல் கண்ணியை இறுக்கிப் பின்னு" என்பது. என் அனுபவத்தில் அதைவிட நல்லது, முதல் கண்ணியைச் சாதாரணமாகப் பின்னிவிட்டு, இரண்டாவது கண்ணியில் ஊசியை நுழைத்தபின் நூலை ஒரு இழு இழுப்பது. முதல் கண்ணியில் தங்கிய தளர்ச்சியும் அப்போது சேர்ந்து வந்துவிடும். இன்னொரு வழி, ஒவ்வொரு சுற்றிலும் அடுத்த ஊசியிலிருந்து இரண்டு கண்ணிகளைக் கூடுதலாகப் பின்னி, தாவும் இடத்தை நகர்த்திக்கொண்டே போவது. கோடு ஒரே நேரில் விழாமல் கலைந்துவிடும். ஆனால் கோலக் கணக்கு உள்ள பின்னலில் இது குழப்பும், மார்க்கர் (இடத்தைக் குறிக்கும் சிறு வளையம்) போட்டுக்கொள்ளுங்கள்.

வழுக்கும் உலோக ஊசியில் கண்ணிகள் சரிந்து விழும் ஆபத்தும் உண்டு, குறிப்பாகப் பையில் போட்டு எடுத்துச் செல்லும்போது. ஆகவே முதல் இருமுனைக் கட்டை மூங்கிலிலோ மரத்திலோ வாங்குங்கள். 2 மி.மீ.க்கும் மெல்லியதானால் மரம் சட்டென்று முறியும். அந்த அளவில் எஃகுதான் சரி.

எங்கே இதற்கு ஈடே இல்லை என்றால், மிகச் சிறிய வட்டங்களில். கையுறையின் கட்டைவிரலுக்கு 14 அல்லது 16 கண்ணிதான் இருக்கும். குல்லாயின் கடைசி எட்டுக் கண்ணியும் அப்படித்தான். அந்த இடத்தில் கேபிளை இழுத்துக்கொண்டிருப்பது வீண் வேலை. மேஜிக் லூப்பில் ஊறிப்போன நானே கட்டைவிரலுக்கு இருமுனை ஊசியைத்தான் எடுக்கிறேன்.

மேஜிக் லூப்

ஒரே நீண்ட வட்ட ஊசியில் சின்னக் குழாய் பின்னும் முறை. சாரா ஹவுஷ்கா என்பவர் கையாண்ட இந்த முறை 2002இல் ஒரு சிறு கையேடாக வெளிவந்த பிறகு உலகமெங்கும் பரவியது. இவ்வளவு எளிய யோசனை இவ்வளவு தாமதமாகப் பரவியது எனக்கு இன்றும் வியப்பு. வளைந்து கொடுக்கும் நல்ல கேபிள் இல்லாவிட்டால் இந்த முறை படுத்தி எடுத்துவிடும்; அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

செய்யும் விதம் இது. கண்ணிகளை ஏற்றி, எல்லாவற்றையும் கேபிளின் நடுவுக்குத் தள்ளுங்கள். சரிபாதியில் கண்ணிகளுக்கு இடையே கேபிளைக் கிள்ளி வெளியே இழுங்கள். இப்போது பாதிக் கண்ணிகள் முன் ஊசியிலும் பாதி பின் ஊசியிலும், இரண்டு வரிசையாக அருகருகே நிற்கும். பின்னும் நூல் பின் ஊசியிலிருந்து வரவேண்டும். பின் ஊசியை வலப்பக்கம் உருவி எடுங்கள்; அதிலிருந்த கண்ணிகள் கேபிளில் ஓய்வெடுக்கும். உருவிய ஊசியால் முன் ஊசியின் கண்ணிகளைப் பின்னுங்கள். அரைச் சுற்று முடிந்தது. துணியைத் திருப்பி, ஓய்வெடுத்த கண்ணிகளை ஊசி முனைக்குத் தள்ளி, மற்றதை உருவி, மறுபாதியைப் பின்னுங்கள். எந்த நேரத்திலும் இரு பக்கமும் கேபிள் வளையம் வெளியே நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஒரு பக்க வளையம் உள்ளே போய்விட்டால் மறுபடி பாதியைக் கண்டுபிடித்து இழுக்க வேண்டியதுதான்.

இதில் எனக்குப் பிடித்தது பல. ஊசி தொலையாது, கண்ணி கழன்று விழாது. நிறுத்தும்போது எல்லாவற்றையும் கேபிளுக்குத் தள்ளிவிட்டுப் பையில் போட்டுவிடலாம். சுற்றளவு மாறினாலும் ஊசியை மாற்ற வேண்டாம். குல்லாயின் விளிம்பிலிருந்து உச்சிவரை ஒரே ஊசி. அணிந்து பார்க்க வேண்டுமானால் கேபிளில் கண்ணிகளைப் பரப்பிவிட்டுக் காலில் மாட்டிப் பார்க்கலாம். குதிகாலை எங்கே தொடங்குவது என்று முடிவு செய்யும்போது இந்த வசதியின் அருமை தெரியும். இரண்டு சாக்ஸையும் ஒரே ஊசியில் ஒரே நேரத்தில் பின்னவும் முடியும். ஒன்றை முடித்துவிட்டு இரண்டாவதைத் தொடங்கவே மனம் வராமல் ஒற்றைச் சாக்ஸோடு நின்றுபோனவர்கள் ஏராளம். அவர்களுக்கு இது மருந்து.

ஏணிக்கோடு இங்கேயும் வரும். ஆனால் நான்கு இடத்துக்குப் பதில் இரண்டே இடம். நிட்டும் பர்லும் மாறிமாறி வந்து மேடுபள்ளமாக நிற்கும் ரிப் பின்னலாக இருந்தால், பாதியைப் பிரிக்கும் இடத்தைப் பர்ல் கண்ணிகளின் பள்ளத்தில் வைத்துக்கொண்டால் அந்தக் கோடு கண்ணுக்கே தெரியாது. பள்ளத்தில் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

குறை என்றால், இடைவிடாத தள்ளலும் இழுப்பும். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் நிறுத்தி, கேபிளை உருவி, திருப்ப வேண்டும். அந்தத் தாளம் சிலருக்குச் சரிவரவே வராது. இறுக்கிப் பின்னுகிறவர்களுக்குக் கண்ணிகளைக் கேபிளிலிருந்து ஊசித் தண்டுக்கு ஏற்றுவதே போராட்டமாகிவிடும். கேபிள் கடினமாக இருந்தால் பிரித்த இடத்தில் இருபுறமும் கண்ணிகளை அது நெம்பித் தளர்த்தும்.

நீளம் எவ்வளவு என்று கேட்டால், 80 செ.மீ. போதும், 100 செ.மீ. சுகம். 120க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் உருவ வேண்டிய கேபிள்தான் அதிகமாகும். 60 செ.மீ. ஊசிதான் கையில் இருக்கிறது என்றால், இரு பக்கம் வளையம் விடாமல் ஒரே பக்கம் மட்டும் வளையம் விட்டு, அதை நகர்த்திக்கொண்டே பின்னலாம். குல்லாயின் உச்சியில் அவசரத்துக்கு அது கைகொடுக்கும்.

இரண்டு வட்ட ஊசிகள், குட்டி வட்ட ஊசி

மேஜிக் லூப்புக்கு ஒரு வருடம் முன்னால், 2001இல், கேட் போர்டி இரண்டு வட்ட ஊசிகளில் சாக்ஸ் பின்னும் முறையைப் பிரபலமாக்கினார். பாதிக் கண்ணிகள் ஓர் ஊசியில், மறுபாதி இன்னோர் ஊசியில். ஒவ்வொரு பாதியையும் அதனதன் ஊசியின் இரு முனைகளாலேயே பின்ன வேண்டும். கேபிளைப் பாதியில் கிள்ளி இழுக்கும் வேலை இல்லை. கண்ணிகளின் மேல் இழுவிசையும் குறைவு. 40 முதல் 60 செ.மீ. ஊசிகள் இருந்தால் போதும். மேஜிக் லூப் பிடிக்காதவர்கள் பலருக்கு இது பிடித்துவிடுகிறது.

ஒரே ஒரு தவறைத்தான் எல்லோரும் செய்வார்கள்: மாற்று ஊசியின் முனையை எடுத்துப் பின்னிவிடுவது. அப்புறம் எல்லாக் கண்ணிகளும் ஒரே ஊசியில் வந்து உட்கார்ந்திருக்கும். இரண்டு ஊசியும் வெவ்வேறு நிறத்திலோ வெவ்வேறு பொருளிலோ இருந்தால் இது நடக்காது. தடிமன் மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏற்கெனவே கையில் ஒரே தடிமனில் இரண்டு ஊசி இருப்பவருக்கு நல்ல வழி. இதற்காகவே இரண்டாவதை வாங்குவதாக இருந்தால், அந்தச் செலவில் நீளமான ஒன்றை வாங்கிவிடலாம் என்பேன்.

குட்டி வட்ட ஊசி, அதாவது 23 செ.மீ. ஊசி, வேறு ரகம். சாக்ஸுக்கென்றே செய்தது; அதன் சுற்றளவைவிடச் சற்று நீளம்தான், ஆனாலும் பின்னல் கொஞ்சம் இழுபட்டு ஈடுகொடுத்துவிடும். பிரிப்பது, தாவுவது, இழுப்பது எதுவும் இல்லை. பெரிய ஸ்வெட்டரைப் போலவே சுற்றிச் சுற்றிப் போகலாம். ஏணிக்கோடு விழ வாய்ப்பே இல்லை. இரண்டு நிற நூலில் கோலம் போடுகிறவர்களுக்கு இது பெரிய வரம். ஊசி மாறும் மூலைகளில் பின்புறம் ஓடும் நூல் சுருங்கி, துணியை இழுத்துப் பிடிப்பதுதான் நிறக் கோலத்தின் பெரிய பிரச்சினை. இங்கே மூலையே இல்லாததால் சுருக்கமும் வராது.

விலை கொடுப்பது விரல்கள். ஊசித் தண்டு அவ்வளவு குட்டையாக இருப்பதால் உள்ளங்கையில் அணைத்துப் பிடிக்க முடியாது. விரல் நுனிகளால் மட்டுமே பிடிக்க வேண்டும். அரைமணி நேரத்தில் கட்டைவிரலின் அடிமூட்டு வலிக்கத் தொடங்கும். பெரிய கைகள் உள்ளவர்களுக்கும், இறுக்கிப் பின்னுகிறவர்களுக்கும், மூட்டு வாதம் உள்ளவர்களுக்கும் இதை நான் சொல்ல மாட்டேன். அதோடு, சாக்ஸின் விரல் பகுதிக்குக் கண்ணிகள் குறையும்போது இந்த ஊசியும் நீளமாகிவிடும். அங்கே இருமுனை ஊசியோ மேஜிக் லூப்போ தேவைதான். எனவே இது துணை ஊசி. முதல் ஊசியாக வாங்க வேண்டாம்.

விரல் வலிக்கிறவருக்கு என் யோசனை, மூங்கிலாலான இரண்டு வட்ட ஊசி முறை. தண்டு போதிய நீளம், எடை குறைவு, குளிர்ந்து உறுத்தாது, கேபிளை இழுக்கும் வேலையும் குறைவு.

தட்டையான துணிக்கும் வட்ட ஊசியா?

ஆம், பெரும்பாலும். வட்ட ஊசியில் வட்டமாகத்தான் பின்ன வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. வரிசை முடிந்ததும் திருப்பி மறுபடி வந்தால் தட்டைத் துணிதான். போர்வை, பெரிய சால்வை போன்றவற்றின் எடை கேபிள் வழியாக மடியில் இறங்கிவிடும். நேர் ஊசியில் அத்தனை எடையும் முனைக்குத் தள்ளி நின்று மணிக்கட்டைத் திருகும். நாற்காலியின் கையில் ஊசி இடிக்காது. பக்கத்தில் இருப்பவரையும் குத்தாது. வலது அக்குளில் ஊசியை இடுக்கிக்கொண்டு பின்னிப் பழகியவர்கள் மட்டும் நேர் ஊசியை விட வேண்டாம்; அவர்களுடைய வேகமே அந்தப் பிடியில்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. வட்டமாகப் பின்னுவதைக் கற்றவுடன் எல்லாவற்றையும் வட்டமாகவே பின்ன ஆசை வரும். தையலே இல்லாத ஸ்வெட்டர் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? பருத்தி நூலில் கனமான ஸ்வெட்டர் பின்னுவதாக இருந்தால் அந்த ஆசையை அடக்குங்கள். பருத்திக்குக் கம்பளியின் மீள்தன்மை இல்லை. பக்கத் தையல்தான் அதற்கு முதுகெலும்பு. தையல் இல்லாவிட்டால் நாள் போகப்போகத் தொங்கி நீளும். ஒற்றைப் புரி நூலும் வட்டப் பின்னலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து முறுக்கிக்கொள்ளும். கார்ட்டர் பின்னலையும் யோசியுங்கள்: தட்டையாகப் பின்னினால் எல்லா வரிசையும் நிட், வட்டமாகப் பின்னினால் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று பர்ல் போட்டாக வேண்டும். வட்டத்துக்கு வந்ததே பர்லிலிருந்து தப்பிக்கத்தான் என்றால், இந்த ஒரு பின்னலில் லாபம் தலைகீழாகிவிடும்.

ஒட்டியதா, கழற்றி மாட்டுவதா?

கேபிளோடு நிரந்தரமாக ஒட்டிய ஊசி ஒன்று; தண்டையும் கேபிளையும் திருகி மாட்டும் செட் இன்னொன்று. எட்டு ஜோடித் தண்டும் நான்கு கேபிளும் இருந்தால் 32 ஊசிகளுக்குச் சமம் என்ற கணக்கைப் பார்த்தால் உடனே செட் வாங்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

செட்டின் அருமை உண்மையில் எண்ணிக்கையில் இல்லை. தண்டைக் கழற்றி மூடி போட்டுவிட்டால் கேபிளே கண்ணிகளைத் தாங்கிக்கொள்ளும். அதே தண்டில் வேறு வேலை தொடங்கலாம். இரு முனையிலும் வெவ்வேறு தடிமன் தண்டு மாட்டலாம். தட்டைப் பின்னலில் பர்ல் வரிசை மட்டும் தளர்ந்து, துணியில் வரிவரியாகத் தெரிகிறவர்கள், பர்ல் போடும்போது வலக்கையில் இருக்கும் முனைக்கு ஓர் அளவு குறைந்த தண்டை மாட்டினால் துணி சீராகிவிடும். வருடக்கணக்காகத் தங்கள் பர்லை நொந்துகொண்டிருந்தவர்கள் ஒரே மாலையில் சரியானதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் சாக்ஸ் அளவான 2 முதல் 2.5 மி.மீ. தண்டுகள் பல செட்டுகளில் இருக்காது. அவ்வளவு மெல்லிய தண்டில் திருகு அமைப்பது கடினம். 40 செ.மீ. ஊசி வேண்டுமென்றால் தனியாகக் குட்டைத் தண்டு தேவைப்படும். சாதாரண நீளத் தண்டு இரண்டை மாட்டினால் நடுவில் மிஞ்சும் கேபிள் வளைந்து கொடுக்கப் போதாது. திருகும் தளரும். கூடவே வரும் சாவிக்கம்பியால் இறுக்காமல் விரலால் மட்டும் முறுக்கியிருந்தால், லேஸ் பின்னலின் நடுவே தண்டு கழன்று ஐம்பது கண்ணிகள் அவிழும் நாள் வரும். வேலையைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் இணைப்பை ஒருமுறை தடவிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஆகவே முதல் வருடம் ஒட்டிய ஊசிகளே போதும். எந்தத் தடிமனை அடிக்கடி எடுக்கிறீர்கள், மரம் பிடிக்கிறதா உலோகம் பிடிக்கிறதா என்று தெரிந்தபிறகு செட் வாங்குங்கள். தெரியாமல் வாங்கிய செட்டில் பாதித் தண்டுகள் உறையைவிட்டு வெளியே வருவதே இல்லை.

பொருளைப் பற்றி இரண்டே வார்த்தை. வழுக்கும் நூலுக்கு மூங்கில், ஒட்டும் நூலுக்கு உலோகம். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் நிக்கல் பூசிய ஊசியைத் தவிர்த்து, மரமோ மூங்கிலோ எடுத்துக்கொள்ளலாம்.

கேபிளை மட்டும் அவசியம் கையால் சோதியுங்கள். பெட்டியிலிருந்து எடுத்ததும் சுருள் சுருளாகவே நிற்கிறதா, தளர்ந்து விழுகிறதா? சுருண்டே நிற்கும் நைலான் கேபிளை ஒரு நிமிடம் வெந்நீரில் முக்கி, நேராக இழுத்துப் பிடித்து ஆறவிட்டால் ஓரளவு சரியாகும். மரத் தண்டில் வெந்நீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேபிளும் தண்டும் சேரும் இடத்தில் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் ஒவ்வொரு கண்ணியும் அங்கே தட்டும்.

தடிமனை எண்ணால் கேட்காதீர்கள், மில்லிமீட்டரில் கேளுங்கள். பழைய பிரிட்டிஷ் முறையில் 8 என்றால் 4 மி.மீ.; அமெரிக்க முறையில் அதே 8 என்றால் 5 மி.மீ. பிரிட்டிஷ் எண் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்க எண் ஏற ஏறத் தடிக்கும். வீட்டுப் பெரியவர்களின் பெட்டியிலிருந்து கிடைத்த ஊசிகளில் அச்சிட்டிருக்கும் எண் எந்த முறை என்று தெரியாவிட்டால், மில்லிமீட்டர் அளவு குறித்த துளை அட்டையில் நுழைத்து அளந்துவிடுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு குழாய்

யார் சொன்னாலும், நான் சொன்னாலும், உங்கள் கை எதை ஏற்கும் என்பது பின்னிப் பார்த்தால்தான் தெரியும். இரவல் வாங்கியாவது இந்தச் சோதனையைச் செய்யுங்கள். 10 செ.மீ.க்கு 20 கண்ணி வரும் வெளிர்நிற நூலில் 48 கண்ணி ஏற்றுங்கள், 24 செ.மீ. குழாய் வரும். சேர்ப்பதற்கு முன், கண்ணிகளின் அடிவிளிம்பு முழுவதும் ஒரே பக்கம் பார்க்கிறதா என்று கவனியுங்கள். நடுவில் ஒருமுறை ஊசியைச் சுற்றியிருந்தால் துணி முறுக்கிய வளையமாகிவிடும். முதல் சுற்றின் முடிவில் கண்டால் அந்த இணைப்பு நூலில் திருப்பிச் சரிசெய்யலாம், அதற்குப் பிறகு அவிழ்ப்பது தவிர வழியில்லை. பயமாக இருந்தால் முதல் இரண்டு வரிசையைத் தட்டையாகப் பின்னிவிட்டு அப்புறம் சேருங்கள். அடியில் தெரியும் சிறு பிளவை வால் நூலால் தைத்துவிடலாம்.

இருமுனை ஊசியில் 4 செ.மீ. பின்னுங்கள். வேறு நிற நூலில் ஒரு சுற்று போட்டு எல்லை வையுங்கள். அடுத்த 4 செ.மீ. மேஜிக் லூப். அதன்மேல் இரண்டு வட்ட ஊசி. குட்டி ஊசி கிடைத்தால் அதிலும் ஒரு பட்டை. எல்லாம் ஒரே தடிமன் ஊசியாக இருக்கட்டும். ஒவ்வொன்றையும் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் மணி பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முடித்ததும் குழாயை நனைத்து, பிழிந்து, சமமாகப் பரப்பி உலர்த்துங்கள்.

மறுநாள் கையை உள்ளே விட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எந்தப் பட்டையில் ஏணிக்கோடு விழுந்திருக்கிறது, எதில் கண்ணி சீராக இருக்கிறது என்று பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு பட்டையிலும் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். ஒரே கை, ஒரே நூல், ஒரே தடிமன். ஆனாலும் இரண்டு பட்டைகளுக்கு நடுவே ஒரு கண்ணி வித்தியாசம் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். 10 செ.மீ.க்கு 20 வர வேண்டிய இடத்தில் 21 வந்தால், 200 கண்ணி ஸ்வெட்டரில் அது ஏறக்குறைய 5 செ.மீ. குறைந்துவிடும். அதனால்தான் ஸ்வெட்டர் கையை உடலுக்குப் பயன்படுத்திய முறையிலிருந்து வேறு முறைக்கு மாற்றும்போது மறுபடி அளக்கச் சொல்கிறேன். குழாயின் எந்தப் பட்டை எந்த ஊசி என்று ஒரு சீட்டில் எழுதி, அதோடு சேர்த்துக் கட்டி, ஊசிப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.